சாமநத்தம் கண்மாய்க்கு எந்த கேமரா பாடி தூக்கிட்டு போறது? கேள்வி பதில்

காட்டுயிர், பறவை போட்டோவுக்கு கேமரா பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) எடுக்குறத பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு. பன்னெண்டு வருசமா மதுரைய சுத்தி இருக்க கண்மாயிலயும் குன்றுலயும்தான் எடுத்துட்டு இருக்கேன். நிக்கான், கேனான் ரெண்டும் கையில இருந்திருக்கு, சோனி மட்டும் நண்பர்களோடத வாங்கி எடுத்த பழக்கம். ஒவ்வொண்ணா சொல்றேன்.

மேலூர் தம்பி: அண்ணே, கையில 1.5 லட்சம் இருக்கு. கேனான் ஆர்7 எடுத்துட்டு லென்ஸ அப்புறம் பாத்துக்கலாமா? எங்க ஊரு பக்கம் அரிட்டாபட்டிதான் எனக்கு.

வேணாம் தம்பி. அரிட்டாபட்டி பாறையில லகர் வல்லூறு உக்காந்திருக்கும், ஷாஹீன் வல்லூறு உக்காந்திருக்கும், கீழ நின்னு 18-150 கிட் லென்ஸ்ல எடுத்தா பாறை மட்டும்தான் தெரியும், பறவை ஒரு புள்ளியா இருக்கும். அப்புறம்னு தள்ளி வச்ச லென்ஸ் ரெண்டு வருசம் ஆனாலும் வராது, நிறைய பேர்கிட்ட பாத்துட்டேன். ஆர்10 பாடியோட ஆர்எஃப் 100-400 ஜூம் லென்ஸ் எடு. 400ங்கிறது அந்த சின்ன சென்சார்ல 640 மாதிரி தெரியும். ஒரே குறை, அந்த லென்ஸ் 400ல எஃப்/8, அதாவது எஃப்/5.6 லென்ஸுக்கு வர்ற வெளிச்சத்துல பாதிதான் உள்ள வரும். விடிகாலையில அது தெரியும். அது ஒத்து வராதுன்னா செகண்ட்ஹேண்ட் நிக்கான் டி500, கூட 200-500 எஃப்/5.6, அந்த ஜோடிய இன்னைக்கும் நான் தைரியமா சொல்லுவேன்.

பழங்காநத்தத்துல இருந்து: டி500 2016ல வந்த மாடலாச்சே, இப்ப போய் வாங்கலாமாண்ணே?

வாங்கலாம். 20.9 மெகாபிக்சல், செகண்டுக்கு 10 படம், 153 ஃபோகஸ் பாயிண்ட். பறவை கண்ண அதுவா கண்டுபிடிக்காது, பாயிண்ட நீங்கதான் பறவை மேல புடிச்சு வைக்கணும், அந்த கை பழக்கம் வந்துட்டா வானத்துல பறக்குறது எதுவும் தப்பாது. ஆனா சூதானமா வாங்குங்க. அதுல எடுத்த ஒரு ஒரிஜினல் ஜேபெக் ஃபைல அனுப்ப சொல்லி ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரைக்கும் ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு பாருங்க, அந்த ஷட்டர் 2 லட்சம் தடவைக்கு டெஸ்ட் பண்ணது. லென்ஸ் மாட்டுற வளையத்துல தேஞ்சு போன தடம் இருக்கா, பின்னாடி ஜாய்ஸ்டிக் நாலு பக்கமும் ஒழுங்கா நகருதா, சுவத்துல ஒட்டுன பேப்பர எடுத்தா ஷார்ப்பா விழுதா, இதெல்லாம் கையில வாங்கி பாக்காம காசு குடுக்காதீங்க. நாளைக்கு நிக்கானோட மிரர்லெஸ் இசட் பாடிக்கு மாறுனாலும், பழைய லென்ஸ மாட்டுற எஃப்டிஇசட் அடாப்டர் போட்டா அந்த 200-500ல ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும், லென்ஸ் வீணாகாது.

விளாங்குடி காலேஜ் பையன்: அண்ணே 30 எஃப்பிஎஸ், 40 எஃப்பிஎஸ்னு (செகண்டுக்கு எத்தனை படம்னு) போட்டிருக்கே, அதிகமா இருக்குறத எடுத்தா போதும்ல?

இந்த கேள்விக்குதான் காத்திருந்தேன் தம்பி, ஏன்னா பாடி எடுக்குறதுல டப்பாவுல எழுதாத நம்பர் ஒண்ணு இருக்கு, சென்சார் எவ்வளவு வெரசா தன்ன படிச்சு முடிக்குதுங்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டர்ல, அதாவது திரை எதுவும் அசையாம சென்சாரே படம் எடுக்குற முறையில, சென்சார் மொத்தத்தையும் ஒரே நேரத்துல படிக்காது, மேல இருந்து கீழ வரிசை வரிசையா படிச்சுட்டு வரும். சாதாரண சென்சாருக்கு அதுக்கு ஒரு செகண்டுல முப்பதுல ஒரு பங்கு வரைக்கும் கூட ஆகும். நீ 1/3200 ஷட்டர் ஸ்பீடு வச்சாலும் இது மாறாது, ஒவ்வொரு வரிசையும் ஷார்ப்பாதான் இருக்கும், ஆனா மேல் வரிசை படிச்சதுக்கும் கீழ் வரிசை படிக்கிறதுக்கும் நடுவுல றெக்கை வேற இடத்துக்கு போயிருக்கும்.

சாமநத்தத்துல ஒரு நாள், கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணிக்கு மேல ஒரே இடத்துல நின்னு அடிச்சுட்டு இருந்துச்சு, அலகு நேரா கீழ பாக்குது, கண்ணு அசையல, தலை ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. கூட வந்த நண்பர் எலக்ட்ரானிக்ல வச்சு நூறு படத்துக்கு மேல எடுத்தாரு. வீட்ல போய் பெருசு பண்ணி பாத்தா தலையும் கண்ணும் அப்பிடியே கத்தி மாதிரி இருக்கு, றெக்கை மட்டும் காத்துல மடங்குன வாழை இலையாட்டம் வளைஞ்சிருக்கு. ஒண்ணு கூட தேறல. திரை ஓடுற மெக்கானிக்கல் ஷட்டர்ல வச்சு செகண்டுக்கு 15 எடுத்திருந்தா நல்லா வந்திருக்கும்.

ஸ்டாக்டு சென்சார், அதாவது வெரசா படிக்கிறதுக்காக சர்க்யூட்ட பின்னாடி அடுக்கி வச்ச சென்சார் இருக்க பாடில இந்த தொல்லை ரொம்ப கம்மி. நிக்கான் இசட்8 அவ்வளவு வேகமா படிக்கிறதாலதான் அதுல மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கல. சோனி ஏ9 த்ரீ ஒரு படி மேல, மொத்த சென்சாரையும் ஒரே நேரத்துல எடுத்துரும். ஒலிம்பஸ் வழி வந்த ஓஎம்-1ம் ஸ்டாக்டுதான், சென்சார் சின்னது. இதுக்கெல்லாம் காசு இல்லன்னா மெக்கானிக்கல்ல எத்தனை எஃப்பிஎஸ்னு மட்டும் கேளு, ஆர்7னா 15, அது தாராளம். கடைக்கு போனா எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டு மேல சுத்துற சீலிங் ஃபேன ஒரு படம் எடு, றெக்கை எப்பிடி வளையுதுன்னு அங்கயே தெரிஞ்சுரும்.

எல்லீஸ் நகர் சார்: ஃபுல் ஃப்ரேமா, க்ராப்பா?

பறவைன்னா க்ராப்ல, அதாவது ஆர்7, டி500 மாதிரி சின்ன சென்சார் பாடில ஆரம்பிங்க சார், ஃபுல் ஃப்ரேம்ங்கிறது பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு பெரிய சென்சார். இசட்8 45.7 மெகாபிக்சல், ஆனா பறவை தூரமா இருந்து க்ராப் மோடு போட்டு நடுப்பகுதிய மட்டும் எடுத்தீங்கன்னா 19 தான் மிஞ்சும், டி500 கிட்ட வந்து நிக்கும். கிட்ட போக முடிஞ்சா ஃபுல் ஃப்ரேம் அழகு, கண்மாயில கிட்ட போக முடியாது. இருட்டுல ஐஎஸ்ஓ ஏத்துனா படத்துல குருணை வரும்ங்கிற பயத்துக்காக ஃபுல் ஃப்ரேம் போகாதீங்க, காலை ஆறேகாலுக்கு 6400 வச்சு எடுத்த படத்துல இருக்க குருணைய இப்ப சாஃப்ட்வேர் நல்லாவே எடுத்துருது, ஷட்டர் ஸ்பீடு குறைச்சு ஆடிப்போன படத்த எதாலயும் சரி பண்ண முடியாது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து: இங்க சாம்பல் நிற மலை அணில்தான் எடுக்குறேன். கண்ண தானா தேடி புடிக்கிற கண் ஃபோகஸ் இலைய போய் புடிக்குதே?

புடிக்கும். அணில் இருக்குறது மரத்து உச்சி நிழல்ல, முன்னாடி பத்து இலை, பின்னாடி பளிச்சுனு வானம். மொத்த ஃப்ரேமையும் கேமராகிட்ட விட்டுட்டா அது குழம்பும். ஒரு பட்டன்ல சின்ன ஒத்தை பாயிண்ட், இன்னொரு பட்டன்ல கண் ஃபோகஸ்னு பிரிச்சு வச்சுக்கங்க, முதல்ல பாயிண்ட்ல அணில புடிச்சுட்டு அப்புறம் கண்ணுக்கு மாத்துங்க. எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் (வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஏத்துங்க, இல்லன்னா அணில் கருப்பா விழும். அதனால உங்களுக்கு எஃப்பிஎஸ்ஸ விட முக்கியம், பாடில பட்டன மாத்தி வைக்க எவ்வளவு இடம் குடுக்குறாங்கங்கிறது. சரணாலயத்துக்குள்ள போறதுன்னா வனத்துறை அனுமதியோட போங்க.

ரிட்டையர்டு சார் ஒருத்தர்: நிக்கான் பி1000 போதுமா?

என்ன பறவைன்னு பதிவு பண்ணணும்னா அருமையா போதும் சார், லென்ஸ் கழட்ட முடியாத கேமராதான், ஆனா 3000 எம்எம்க்கு சமமா இழுக்கும். பறக்குறதுக்கும் விடிகாலை இருட்டுக்கும் அது ஒத்து வராது, சென்சார் ரொம்ப சின்னது.

அவனியாபுரம் மாப்ள ஒருத்தர்: பத்து மணிக்கு மேல எடுக்குற எல்லாமே சாஃப்டா இருக்கு, பாடி போச்சா?

பாடிக்கு ஒண்ணும் ஆகல மாப்ள. வெயில் ஏறுனா கரை மண்ணுல இருந்து கானல் கெளம்பும், தூரத்து நாரைய அதுக்குள்ள கூடி எடுத்தா எந்த கேமராவும் அப்பிடித்தான் குடுக்கும். சித்திரை வெயில்ல எட்டு மணிக்கே பைய மூடிருவேன் நான்.

திண்டுக்கல்ல இருந்து: கடவூர் பக்கம் தேவாங்கு எடுக்க ராத்திரிக்கு நல்ல பாடி சொல்லுங்க.

இதுக்கு நான் பாடி சொல்ல மாட்டேன் தம்பி. அது இருட்டுல பாக்குறதுக்குன்னே கண்ணு பெருசா இருக்குற ஜீவன், டார்ச்சும் ஃப்ளாஷும் அடிச்சா கூசி அப்பிடியே நிக்கும், எர தேடுற நேரம் போயிரும். 2022ல அதுக்குன்னே அங்க சரணாலயம் அறிவிச்சிருக்காங்க. விட்ருவோம்.

திருமங்கலம் டீச்சர்: மணிக்கட்டு வலி இருக்கு தம்பி, வெயிட்டு தூக்க முடியாது. கல்யாண வீட்டுக்கும் ஆகணும்.

அக்கா, டி500ம் 200-500ம் சேந்தா 3 கிலோவுக்கு மேல. ஆர்10ம் 100-400ம் சேந்து ஒரு கிலோ சொச்சம்தான், உங்களுக்கு அதுதான். ஆனா ஆர்10ல கார்டு ஒண்ணுதான் போகும், கல்யாணத்துல கார்டு போச்சுன்னா திரும்ப எடுக்க முடியாது, அதனால முடிஞ்சா ரெண்டு கார்டு போற ஆர்7 பாருங்க, 200 கிராமுக்கு உள்ளதான் கூட. வர்ற ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு சாமநத்தம் கரையில இருப்பேன், ரெண்டு பாடியும் எடுத்துட்டு வரேன், அரை மணி நேரம் கையில வச்சு பாருங்க, வலிச்சா அங்கயே தெரிஞ்சுரும்.