சர்வரிடம் கேட்கிற விதமாகக் கேளுங்கள், பழைய மடல் கிடைக்கும்

பழைய மடற்குழுக்கள் பற்றி வந்திருந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எல்லாரும் ஒரே காலத்து ஆட்கள்தான் போலிருக்கிறது.

கேள்வி: 1998 முதல் 2001 வரை, இந்தியவியல் பேசும் ஒரு பன்னாட்டு மடற்குழுவில் இருந்தேன். கல்வெட்டுகள் பற்றி நிறைய எழுதினேன். அந்தக் கம்ப்யூட்டர் போய்ப் பல வருடம் ஆகிறது, ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை. சர்வரில் இன்னும் இருக்குமா? எப்படி வாங்குவது? (வாசகர், தஞ்சாவூர்)

இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மடற்குழு சர்வர் என்பது வந்த மடலை எல்லாருக்கும் அனுப்புவதோடு நிற்பதில்லை, நிர்வாகி அமைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியைத் தன்னிடமே சேர்த்துவைக்கும். அதை வாங்குவதற்கு, குழுவின் பெயரோடு அதை எந்த மென்பொருள் நடத்தியது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றிடமும் கேட்கிற விதம் வேறு.

உங்கள் குழு இண்டாலஜி என்றால் வேலை சுலபம். 1990இல் தொடங்கிய குழு அது, பழைய மடல்கள் இணையத்திலேயே மாத வாரியாகக் கிடைக்கின்றன, போய்ப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். வேறு குழு என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அந்தக் காலத்துப் பல்கலைக்கழகக் குழுக்களில் நிறைய லிஸ்ட்சர்வில் ஓடியவை. பாரீஸில் படித்துக்கொண்டிருந்த எரிக் தாமஸ் 1986இல், பல்கலைக்கழகக் கணினிகளை இணைத்த பிட்நெட் வலையமைப்புக்காக எழுதிய மென்பொருள் அது, இன்றும் உயிரோடு இருக்கிறது. இணையப் பக்கங்கள் வருவதற்கு முந்தைய காலம் என்பதால், எல்லாவற்றையும் மின்னஞ்சலிலேயே கட்டளை அனுப்பி வாங்கும்படி செய்திருந்தார்கள். பல சர்வர்களில் அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது, இது பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

செய்ய வேண்டியது இதுதான். குழு இருக்கும் அதே சர்வரில் லிஸ்ட்சர்வ் என்ற பெயரில் தனி முகவரி ஒன்று இருக்கும். கட்டளையை அங்கேதான் அனுப்ப வேண்டும், குழுவின் முகவரிக்கு அனுப்பக் கூடாது. இதை மாற்றிச் செய்தவர்கள் அன்றைக்கும் ஏராளம். தாலுகா ஆபீஸில் தப்பான ஜன்னலில் மனு நீட்டிய கதைதான், ஒரே வித்தியாசம், இங்கே உங்கள் மனுவை உலகம் முழுக்க இருக்கிற உறுப்பினர்கள் எல்லாரும் படித்துவிடுவார்கள். பொருள் வரியில் எதுவும் எழுத வேண்டாம், சர்வர் அதைப் பார்க்காது. மடலின் உடலில், முதல் வரியில், ஆங்கில எழுத்தில் 'இண்டெக்ஸ்' என்று எழுதி ஓர் இடம் விட்டுக் குழுவின் பெயரை எழுதி அனுப்புங்கள். சேமித்துவைத்த கோப்புகளின் பட்டியல் பதிலாக வரும். கோப்பின் பெயர் 'லாக்' என்று தொடங்கி நான்கு இலக்கத்தில் முடியும்: முதல் இரண்டு இலக்கம் வருடத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு இலக்கம் மாதத்தை. அதாவது 'லாக்9803' என்றால் 1998 மார்ச், 'லாக்0011' என்றால் 2000 நவம்பர். மடல்கள் அதிகம் புரண்ட குழு என்றால் வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து, கடைசியில் ஏ, பி, சி என்று எழுத்தும் சேர்த்திருப்பார்கள். பிறகு 'கெட்', குழுவின் பெயர், கோப்பின் பெயர் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அந்த மாதத்து மடல்கள் மொத்தமும் உங்கள் பெட்டிக்கு வந்து சேரும்.

எந்த மாதம் என்றே நினைவில்லையா? 'செர்ச்' என்ற கட்டளை உண்டு. அது பொருந்தும் மடல்களின் எண்களைத் தரும், அந்த எண்களை 'கெட்போஸ்ட்' கட்டளையோடு அனுப்பினால் அந்த மடல்கள் மட்டும் வரும். சொற்களை எந்த வரிசையில் எழுதுவது என்பது பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், அதனால் முதலில் 'ஹெல்ப்' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பி அங்கே என்ன முறை என்று பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரைத் தேடும்போது அன்றைக்கு ஆங்கிலத்தில் எப்படி எழுதினீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் பெயர்களில் ழகரமும் தகரமும் வந்தால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல், நமக்கே வருடத்துக்கு ஒன்று.

இரண்டு எச்சரிக்கை. இன்றைய மின்னஞ்சல் செயலிகள் எழுத்துக்கு வண்ணமும் அளவும் சேர்த்து அனுப்பும், பழைய சர்வர்கள் அதில் குழம்பிப்போகும், ஆகவே வெறும் எழுத்தாக அனுப்பும் அமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். மடலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் கையெழுத்து வரிகளையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் பதவி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு வரிக்கு வரி 'புரியவில்லை' என்று பதில் வரும். அப்புறம், நிறையக் குழுக்கள் உறுப்பினருக்கு மட்டுமே கோப்பைக் கொடுக்கும், பழைய வி.எஸ்.என்.எல். முகவரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்போதைய முகவரியிலிருந்து புதிதாகச் சேர்ந்துகொண்டு பிறகு கேளுங்கள்.

லிஸ்ட்சர்வ் இல்லை, மேஜர்டோமோ என்றால்? அது 1992இல் பிரெண்ட் சாப்மன் எழுதியது. அங்கேயும் 'இண்டெக்ஸ்', 'கெட்' இரண்டும் உண்டு, மேஜர்டோமோ என்ற முகவரிக்கு அனுப்ப வேண்டும், கடைசி வரியில் 'எண்ட்' என்று எழுதிவிட்டால் அதற்குக் கீழே இருக்கும் எதையும் படிக்காது. இன்னொன்று ஈஸெட்எம்எல்எம். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் குழுக்கள் இதில் ஓடுபவை. இதில் மடலின் உடலில் ஒன்றுமே எழுத வேண்டாம், முகவரியே கட்டளை: குழுவின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு, 'கெட்', ஒரு புள்ளி, வேண்டிய மடலின் எண், பிறகு வழக்கமான சர்வர் பெயர். வெற்று மடலை அந்த முகவரிக்கு அனுப்பினால் அந்த எண்ணுள்ள மடல் திரும்பி வரும். இவ்வளவு அழகான ஏற்பாட்டைப் பிறகு ஏன் யாரும் பின்பற்றவில்லை என்று தெரியவில்லை.

கேள்வி: எங்கள் பழைய குழு மெயில்மேன் என்ற மென்பொருளில் இருந்தது. அதற்கும் இப்படி மின்னஞ்சல் அனுப்பலாமா? பாஸ்வேர்டு கேட்கிறது, நினைவில்லை. (வாசகி, சென்னை)

மெயில்மேனில் மடல் அனுப்பிப் பழையதை வாங்கும் வசதி கிடையாது, இணையப் பக்கம்தான் வழி. முகவரியில் 'பைப்பர்மெயில்' என்ற சொல் இருந்தால் அது எல்லாருக்கும் திறந்த சேமிப்பு, பாஸ்வேர்டு வேண்டாம். மாதங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சுருக்கிய எழுத்துக் கோப்பு ஒன்றும் இருக்கும், அதைத்தான் இறக்க வேண்டும். ஒவ்வொரு மடலாகத் திறந்து படியெடுத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

'பிரைவேட்' என்று இருந்தால் உறுப்பினருக்கு மட்டும். மெயில்மேன் இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று பாஸ்வேர்டை நினைவூட்டி ஒரு மடல் போடும், எரிச்சலோடு அழித்திருப்பீர்கள், ஒன்றிரண்டு எங்காவது மிஞ்சியிருக்கும், பழைய பெட்டியில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நுழைவுப் பக்கத்திலேயே நினைவூட்டச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அது நீங்கள் சேர்ந்த பழைய முகவரிக்கே போகும். அந்த முகவரியும் செத்துப்போயிருந்தால் குழுவின் பெயரோடு கோடு போட்டு 'ஓனர்' என்று சேர்த்த முகவரிக்கு எழுதுங்கள், அது நிர்வாகிக்குப் போய்ச் சேரும். நிர்வாகி பதில் போடுகிற ஆளாக இருந்தால் இன்னொன்றும் சேர்த்துக் கேளுங்கள்: எம்பாக்ஸ் வடிவத்தில், அதாவது வந்த மடல்களை எல்லாம் ஒரே கோப்பில் அப்படியே அடுக்கிவைத்த வடிவத்தில், இருக்கும் மூலக் கோப்பு. ஏன் என்பதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சர்வரே இல்லாமல் போயிருந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பழைய பைப்பர்மெயில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். 1996 முதலான இணையப் பக்கங்கள் அங்கே உண்டு. எல்லா மாதமும் இருக்காது, மாதப் பட்டியல் இருந்து உள்ளே மடல் இல்லாமல் போவதும் நடக்கும். கணினித் துறை சார்ந்த குழு என்றால் ஜிமேனையும் பாருங்கள். 2002இல் தொடங்கிய சேவை, ஆயிரக்கணக்கான மடற்குழுக்களைப் பிரதி எடுத்து வைத்தது. அதன் இணையப் பக்கம் 2016இல் நின்றுபோனாலும் தண்டர்பேர்டு போன்ற மின்னஞ்சல் செயலியில் செய்திக்குழு சர்வராகச் சேர்த்துப் படிக்கலாம்.

கேள்வி: தமிழ் மடற்குழுவின் பழைய கோப்பு நண்பர் மூலம் கிடைத்தது. திறந்தால் ஒரு எழுத்தும் தமிழாக இல்லை, கொக்கிகளும் பிரெஞ்சு எழுத்துகளுமாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா? (வாசகர், கோலாலம்பூர்)

பெரும்பாலும் கெட்டிருக்காது, அது திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றம், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துக் கணினியில் சேமிக்கும் முறை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் மடல்கள் பல குறியேற்றங்களில் எழுதப்பட்டன. திஸ்கியே மடற்குழுவில் பேசிப் பேசி உருவானது, 1990களின் கடைசியில் ஆஸ்திரேலியாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்தவர்கள் தமிழ்.நெட் என்ற மடற்குழுவின் பக்கம் கூடி மாதக்கணக்கில் விவாதித்தார்கள். தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்ப கால மின்னூல்களும் அந்தக் காலத்து எழுத்துருக்களில்தான் இருந்தன.

திஸ்கியின் வழி எளிமையானது. 256 இடங்களில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு, இரண்டாம் பாதி தமிழுக்கு. இரண்டாம் பாதியை இன்றைய செயலி மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துக் காட்டுவதால்தான் உங்களுக்குப் பிரெஞ்சு தெரிகிறது. லினக்ஸில் 'ஐகான்வ்' என்ற கட்டளைக்கே திஸ்கி தெரியும், திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு (யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறை அது) என்று சொன்னால் மாற்றிக் கொடுத்துவிடும். விண்டோஸ் என்றால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போதும். ஒன்று மட்டும் கவனம்: மூலக் கோப்பை ஏதாவது செயலியில் திறந்து, 'சேமிக்கவா' என்று அது கேட்கும்போது ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு பிரதி எடுத்துவிட்டு அதில்தான் எந்தச் சோதனையும்.

மாற்றிய பிறகு 'இ' மட்டும் அங்கங்கே காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம். ஆரம்பத் திஸ்கியில் இகரம் 173ஆம் இடத்தில் இருந்தது, அந்த இடத்தை உலாவிகள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிட்டன. பின்னால் வந்த திருத்தத்தில் அதற்கு 254ஆம் இடத்தையும் கொடுத்தார்கள். 'இங்கே' எல்லாம் 'ங்கே' என்று இருந்தால், இணையப் பக்கத்திலிருந்து படியெடுத்த கோப்பு அது என்று ஊகிக்கலாம், மூலத்தில் இகரம் இருக்கும்.

சமக்குறியும் பின்னால் இரண்டிரண்டு எழுத்துமாக வரிசை கட்டி நின்றால் அது வேறு விஷயம், மின்னஞ்சல் பயணத்துக்காகச் செய்த மூட்டை அது. கோப்பைத் தண்டர்பேர்டில் எம்பாக்ஸாக ஏற்றினால் தானே அவிழ்ந்துவிடும். தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாக இருந்தால்தான் சிக்கல். மெயில்மேனின் மாதக் கோப்புகளில் இது நிறைய நடந்திருக்கிறது, குறியேற்றம் எதுவென்று மடலில் குறிப்பிடாமல் விட்டால் அது புரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடும். கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க ஒரு மந்திரமும் கிடையாது. சென்னை வாசகியை மூலக் கோப்பைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு வகை: தமிழுக்குப் பதில் வெறும் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் கலந்து கிடப்பது. நடுவில் ஏதோ ஒரு பழைய சர்வர் ஒவ்வொரு எழுத்தின் எண்ணிலும் எட்டாவது பிட்டை, அதாவது 128ஐ, வெட்டிவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு எழுத்தின் எண்ணோடும் 128ஐக் கூட்டினால் தமிழ் திரும்பி வரும், ஆனால் நடுவில் எழுதிய ஆங்கிலமும் சேர்ந்து தமிழாகிவிடும், உட்கார்ந்து கையால் பிரிக்க வேண்டியதுதான். பொறுமை இருந்தால் செய்யலாம், நான் முக்கியமான மடல்களுக்கு மட்டுமே சிபாரிசு செய்வேன்.

கேள்வி: யாஹூ குழுவில் இருந்த எங்கள் மடல்கள்? (வாசகர், மதுரை)

சர்வரிலிருந்து இனி கிடைக்காது. 2019 கடைசியில் மடல்களைப் பக்கங்களிலிருந்து எடுத்தார்கள், உறுப்பினர்கள் தங்கள் தரவைக் கேட்டு வாங்க 2020 ஜனவரி 31 வரை நேரம் கொடுத்தார்கள், அதே வருடம் டிசம்பர் 15இல் குழுக்கள் மொத்தமாக மூடப்பட்டன. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று தமிழில் எவ்வளவு பேச்சு அங்கே நடந்தது, நினைத்தால் கோபம்தான் வருகிறது. மூடுவதற்குள் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் பொதுக் குழுக்களில் முடிந்ததைப் பிரதி எடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்த்தார்கள், அங்கே ஒரு தடவை தேடலாம்.

அதைவிட நல்ல வழி, கூட இருந்தவர்களைக் கேட்பது. குழுவில் வந்ததை மின்னஞ்சலாக வாங்கியவர் ஒருவர் போதும். யூடோரா என்ற பழைய மின்னஞ்சல் செயலியை வைத்திருந்தவரின் பழைய சிடி கிடைத்தால் அதிர்ஷ்டம், அதன் பெட்டிகள் ஏறக்குறைய எம்பாக்ஸ் வடிவம்தான். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் டிபிஎக்ஸ் கோப்புகள், அவற்றை எம்பாக்ஸாக மாற்றக் கருவிகள் உண்டு. 'மடல் இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்காமல் இந்தக் கோப்புப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: எனக்கு நேர் எதிர் பிரச்சினை. 2003இல் கோபத்தில் எழுதிய ஒரு மடலை எடுத்துவிட முடியுமா? (பெயர் வேண்டாம்)

நிர்வாகி மனது வைத்தால் மூலக் கோப்பில் அந்த மடலை வெறுமையாக்கிவிட்டுப் பக்கங்களை மறுபடி உருவாக்கலாம். மடலை மொத்தமாக நீக்கினால் அதற்குப் பின்னால் வந்த எல்லா மடல்களின் எண்ணும் நகர்ந்து, பழைய இணைப்புகள் வேறு மடலுக்குப் போகும் என்பதால் பலர் தயங்குவார்கள், அதனால் 'உள்ளடக்கத்தை மட்டும் எடுங்கள்' என்று கேளுங்கள். உங்களுக்குப் பதில் எழுதியவர்கள் மேற்கோள் காட்டியிருப்பார்களே, அந்த மடல்களின் தேதியையும் தேடிப்பிடித்துச் சேர்த்து அனுப்புங்கள். உறுப்பினர்களின் பெட்டியில் இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.