வகுப்பில் வாய் திறக்காத மகளுக்கு எந்த நாவல்?

பத்து வயது மகள் டொராண்டோ வந்து நான்கு மாதமாகியும் வகுப்பில் பேசுவதே இல்லை, புலம்பெயர்ந்த குடும்பக் கதை ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். முதலில் 2011இல் வந்த, தான்ஹா லாயின் 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்'. 1975இல் வியட்நாமின் சைகோனை விட்டு அமெரிக்காவின் அலபாமா வந்து சேரும் பத்து வயது ஹா, இருபது வரை எண்ணியதற்கே வகுப்பு முழுக்கக் கைதட்டும்போது கொதித்துப் போகிறாள், ஏனென்றால் பின்னக் கணக்கே படித்தவள் அவள், அதைச் சொல்லத்தான் ஆங்கிலம் இல்லை. உங்கள் மகளின் மௌனத்துக்குள்ளும் இப்படியொரு கோபம் இருக்கலாம். சின்னச் சின்ன வரிகளில் கவிதையாக ஓடுகிற நாவல், ஆங்கிலத்தில் தடுமாறுகிற பிள்ளைக்கும் மலைப்பாக இருக்காது.

அப்புறம் கெல்லி யாங்கின் 'ஃப்ரண்ட் டெஸ்க்'. கலிஃபோர்னியா மோட்டல் ஒன்றில் புலம்பெயர்ந்து வந்த பெற்றோர் அறைகளைச் சுத்தம் செய்ய, மகள் மியா வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த நாவல், ஆனால் திருட வந்தவர்கள் அம்மாவை அடிக்கிற இடம் ஒன்று வரும், நீங்கள் முன்னாடியே படித்துவிடுங்கள்.

தயவுசெய்து 'பார்த்தாயா, அவள் எப்படிப் பேசக் கற்றுக்கொண்டாள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஹா விட்டுவந்த பப்பாளி மரத்தைப் பற்றிக் கேளுங்கள், ஊரில் தான் விட்டுவந்ததைப் பற்றி மகள் தானாகப் பேச ஆரம்பிக்கலாம்.