மரத்தரைப் பலகை அறுக்க எந்தப் பிளேடு? கேள்வி பதில்

கேள்வி (தக்கலை): ஐயா, மாடி அறைக்கு 8 மி.மீ. லேமினேட் பலகை (மரநார் அட்டைமேல் மரத்தோற்றத் தோல் ஒட்டியது) வாங்கியிருக்கிறோம். வீட்டிலுள்ள 7 அங்குல வட்ட ரம்பத்தில் 24 பல் பிளேடு போட்டு அறுத்தால் ஓரமெல்லாம் உதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: 24 பல் பிளேடு, சட்டங்களை நார்வாக்கில் விரைவாகக் கிழிப்பதற்கு உரியது. லேமினேட்டின் மேல்தோலில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்திருப்பதால் அது கண்ணாடி போல் கடினமாக இருக்கும். இடைவெளி அதிகமுள்ள பெரிய பற்கள் அதை வெட்டாமல் பெயர்த்து எறிகின்றன. கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) முனை வைத்த 60 பல் பிளேடு வாங்குங்கள். எண்ணிக்கையோடு பல்லின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்த பற்கள் மர நாரைக் கத்தி போல் அறுக்கும், ஆனால் அவற்றின் கூர்மூலைகள் லேமினேட்டில் சீக்கிரம் மழுங்கிவிடும். ஒரு பல் தட்டையாகவும் அடுத்த பல் இரு மூலைகளும் சீவப்பட்டதாகவும் வரும் பிளேடு நெடுநாள் உழைக்கும். கார்பைடு முனையில்லாத வெறும் எஃகுப் பிளேடு ஓர் அறை முடியும்வரைகூடத் தாங்காது.

கேள்வி (குலசேகரம்): எங்களுடையது லேமினேட் இல்லை, அயினி மரப் பலகை. அதற்கும் 60 பல் பிளேடுதானா?

பதில்: குறுக்கே அறுக்க, சாய்ந்த பல் கொண்ட 40 முதல் 60 பல் பிளேடு பொருந்தும். நீளவாக்கில் கிழிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். பற்களுக்கிடையே உள்ள சிறிய குழிகளில் தூள் அடைத்து, பிளேடு சூடேறி, பலகையின் ஓரம் கருகும். பல் கூடினால் வெட்டு சுத்தமாகும் என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மைதான். கரி படிந்தால் உடனே சாணை பிடிக்க ஓட வேண்டாம். பிளேடைக் கழற்றி, பல்லில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

கேள்வி (குளச்சல்): டைல்ஸ் வெட்டும் 4 அங்குல மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டலாமா, அண்ணா?

பதில்: நம் ஊரில் பலரும் மாட்டுகிறார்கள், நான் மாட்டச் சொல்ல மாட்டேன். 7 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 முறை சுற்றும், மார்பிள் கட்டரோ 12,000 அளவில் சுற்றும். கல்லைத் தேய்த்து அறுக்கும் வைரப் பிளேடுக்காகச் செய்த அந்த இயந்திரத்தில், தானாக மூடிக்கொள்ளும் கீழ்க்காப்பு கிடையாது. பல் மரத்தில் கவ்வினால் இயந்திரம் கையை மீறிப் பின்னால் எகிறும். எந்த இயந்திரமானாலும், பிளேடில் பொறித்துள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையக் கூடாது.

கேள்வி (மார்த்தாண்டம்): பலகையின் நல்ல முகம் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா?

பதில்: கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே வெட்டுவதால் நல்ல முகம் கீழே இருக்கட்டும். மேசை ரம்பத்தில் அறுத்தால் நல்ல முகம் மேலே இருக்கட்டும்.

கேள்வி (நாகர்கோவில்): நல்ல பிளேடின் விலை கூடுதலாக இருக்கிறது. ஒரே அறைக்கு வாங்குவது வீண்செலவா, ஐயா?

பதில்: வெட்டுமுனைகள் எங்கே வருகின்றன என்று முதலில் பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் பலகை ஈரம் குடித்து உப்பும் என்பதால், சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டே ஆக வேண்டும். அந்த இடைவெளியையும் அங்குள்ள சிறு உதிர்வுகளையும் சுவரடியில் பொருத்தும் ஸ்கர்டிங் பட்டை மூடிவிடும். வாசற்படி, மாடிப்படி விளிம்பு போன்ற வெட்டு வெளியே தெரியும் இடங்கள் இருந்தால் வாங்குங்கள். அப்படி ஓரிரு துண்டுகள்தான் என்றால், அளவு குறித்து ஆசாரியின் பட்டறையில் அறுத்து வாங்கிக்கொள்ளலாம்.