பொது சுகாதார முதுகலை: படிப்புக்கும் வேலைக்கும் எத்தனை பொருத்தம்?

கேள்வி: பொது சுகாதாரத்தில் முதுகலை (எம்.பி.எச்.) படித்தால் வேலைக்குத் தேவையான திறமை வந்துவிடுமா? தென்னாப்பிரிக்காவில் படித்தவர்கள் சொல்லுங்களேன்.

ஜாதகம் பார்க்கிற மாதிரி சொன்னால் பத்துக்கு ஐந்து பொருத்தம். எந்த ஐந்து என்பதில்தான் விஷயமே.

நான் மதுரையில் பல் மருத்துவம் படித்தவள். கல்யாணமாகி டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்துக்கு வந்து, இங்கேயே எம்.பி.எச். முடித்தேன். இப்போது மாவட்ட அளவில் சுகாதாரத் தகவல் பிரிவில் வேலை.

சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு கிளினிக்கில் ரத்த அழுத்தத்துக்குப் புதிதாகப் பதிந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது. அதற்கு முன், மாதம் தவறாமல் முப்பது, நாற்பது பேர். வகுப்பில் கற்றபடி வரைபடம் போட்டேன். விடுபட்ட தரவை எந்த முறையில் நிரப்பலாம் என்று இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பக்கத்து மேசையில் இருந்த சுலு அம்மா, "போய்ப் பார்த்தாயா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

போனேன். பதிவேடு தீர்ந்துபோய், புதியது வரவில்லை. சிஸ்டர்கள் பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு எழுதிவந்தார்கள். மாதக் கடைசியில் கணக்குக் கூட்டுகிறவருக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. புதுப் பதிவேடு வரவழைக்க ஆறு வாரம் ஆனது. யார் கையெழுத்து, எந்தத் தலைப்பில் செலவு, யாரிடம் கோபிக்காமல் கேட்பது, இதெல்லாம் எந்தப் பாடத்திலும் வரவில்லை. இத்தனைக்கும், அந்த எண்களெல்லாம் போய்ச் சேரும் டி.எச்.ஐ.எஸ். என்கிற மாவட்ட சுகாதாரத் தகவல் மென்பொருள் பிறந்ததே இந்த நாட்டில்தான், 1990களில், இனவெறி ஆட்சி முடிந்த கையோடு!

அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, 2016இல் எம்.பி.எச். மாணவர் ஒவ்வொருவருக்கும் வேண்டிய அடிப்படைத் திறன்கள் என்று 22ஐப் பட்டியலிட்டது. அதில் தரவு, ஆய்வு சம்பந்தப்பட்டவை நான்கே நான்கு. மீதியில் பெரும்பகுதி திட்டமிடல், பட்ஜெட், கொள்கை, பேச்சுவார்த்தை, மக்களிடம் பேசுவது. என் படிப்பிலோ பாதி நேரம் அந்த நான்குக்கே போனது. பட்ஜெட்டுக்கு ஒரு மதியம், அதுவும் தேர்வில் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்காக அந்த நான்கு வீண் என்று சொல்ல மாட்டேன். 2017-18இல் இங்கே லிஸ்டீரியா என்கிற கிருமி உணவு வழியே பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, இருநூறுக்கும் மேல் இறந்தார்கள். நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்ததும், கிருமியின் மரபணுவை ஒப்பிட்டதும் சேர்ந்துதான் போலோனி என்கிற பதப்படுத்திய தொத்திறைச்சியில் கொண்டுபோய் நிறுத்தின. அது சுத்தமான தொற்றுநோயியல் பாடம். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, அங்கே நேரில் போய்க் குளிர்பெட்டியில் இருந்த போலோனியை எடுத்துவந்த சுகாதார அலுவலர்கள் இல்லாமல் அந்தப் பாடம் முடிந்திருக்காது.

மக்களிடம் பேசுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மாமியார். ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும் நாளன்று சர்க்கரைப் பரிசோதனை மேசை போட்டோம். நான் அதைச் சாப்பாட்டு வரிசையின் முடிவில் வைத்திருந்தேன். "கூழ் குடிச்சுட்டு வந்தா எல்லாருக்கும் ஏறித்தானே இருக்கும்? செருப்பு விடுற இடத்துல போடு, மா" என்றார். அப்படியே செய்தோம். கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை.

சரி, உங்களுக்கு என்ன சொல்வது? சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: களப்பயிற்சி எத்தனை வாரம்? ஆய்வேட்டை மாவட்ட அலுவலகத்தின் உண்மையான பிரச்சினை ஒன்றின் மேல் எழுத விடுவார்களா? முதல் கேள்விக்கே மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். நோய்ப் பரவலைத் துப்புத் துலக்குவதில்தான் ஆசை என்றால், தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தின் இரண்டு வருடக் களப் பயிற்சி இருக்கிறது. அதில் வேலை செய்துதான் படிப்பே.

இன்னொன்று, இந்தியாவிலிருந்து வருகிற டாக்டர்கள் பலர் ஏமாறுவது இதில்தான். எம்.பி.எச். முடித்தால் இங்கே பொது சுகாதார மருத்துவ நிபுணர் ஆகிவிட முடியாது. அது மருத்துவர்களுக்கான தனிப் பயிற்சி, தனிப் பதிவு.

அப்புறம், டர்பன் இருக்கிற இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வேலை என்றால் சுலு மொழி கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளிக்கூட நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று எனக்கு யாரும் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.