பாதையைக் கேட்காதீர்கள்

அன்புள்ள அண்ணா,

லீவு கிடைத்தால் மலையேறக் கிளம்புகிறவன் நான். வெள்ளியங்கிரி, கொல்லிமலை எல்லாம் பார்த்தாயிற்று. எங்கு போனாலும் கூட்டம். அமைதியான ஒரு காட்டில், ஆள் நடமாட்டம் நின்றுபோன பழைய தடங்களைத் தேடி நடக்க ஆசை. நீங்கள் டெல்டாக்காரர். உங்கள் பக்கம் வயலைத் தவிரக் காடு ஏதாவது உண்டா? பழைய பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

வேதாரண்யத்துக்காரனிடம் காடு உண்டா என்று கேட்டுவிட்டீர்கள்! ஊருக்குப் பழைய பெயரே மறைக்காடு. தெற்கே போனால் கோடியக்காடு, அதைத் தாண்டினால் கோடியக்கரை, அப்புறம் கடல்தான். மலை கிடையாது. காட்டிலேயே உயரமான இடம் ராமர் பாதம் என்கிற மணல்மேடு. மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். அமைதிக்குக் குறைவில்லை. ஆந்தை அலறும் இந்தக் காட்டில் யார் துணைக்கு இருக்கிறீர் என்று சுந்தரரே கோடியக்கரைச் சிவன் குழகரிடம் கேட்டிருக்கிறார்.

என் சித்தப்பா சின்ன வயதில் அங்கே பாலைப்பழம் பொறுக்கப் போனவர். பழத்தின் பால் உதட்டில் பசையாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பொய் சொல்ல முடியாது. மாடு ஓட்டிப் போக ஒரு தடம், விறகுக்கு ஒரு தடம், கருவாட்டுக் கூடைக்கு ஒரு தடம் என்று வரிசையாகச் சொல்வார். 1967-ல் காடு சரணாலயமாயிற்று. பஸ் வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. தடங்களை யாரும் மறக்கவில்லை தம்பி, அந்த வழியாகப் போகிற வேலை தீர்ந்துவிட்டது.

அதனால் பெரியவர்களிடம் பாதையைக் கேட்காதீர்கள். "அதெல்லாம் இப்ப ஏது" என்று முடித்துவிடுவார்கள். எங்கே தண்ணீர் குடித்தீர்கள், எந்த மரத்தடியில் கூடையை இறக்கினீர்கள் என்று கேளுங்கள். கை தானாக ஒரு திசைக்கு நீளும். கடலோரமானாலும் மணல்மேட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் தங்கும். ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கிற இடங்களை வைத்துத்தான் சித்தப்பா வழி சொல்வார்.

ஒருமுறை அவர் பேச்சைக் கேட்காமல், பளிச்சென்று தெரிந்த ஒரு தடத்தில் நுழைந்தேன். இருபது அடியில் குனிந்தேன், நாற்பது அடியில் தவழ்ந்தேன். அது பன்றித் தடம். சூரைமுள்ளில் சட்டை மாட்டி, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பாதம் படுகிற மண்ணைப் பார்த்தது என் தப்பு. மனிதர் நடந்த தடத்தில் தலைக்கு மேலே கிளை விலகியிருக்கும்; பன்றிக்கு இடுப்புயரம் போதும்.

இப்போது அதுவும் சுலபமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்கள் ஒரு பக்கம், சீமைக்கருவேல் ஒரு பக்கம். அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் கூடாது. வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் காட்டுகிற வழியில் நடங்கள். அது போதவில்லை என்றால் பழைய ரயில் பாதை இருக்கிறது. ஒரு காலத்தில் கோடியக்கரை வரை மீட்டர்கேஜ் வண்டி ஓடியது. இப்போது அகத்தியம்பள்ளியோடு சரி. அதற்குத் தெற்கே தண்டவாளம் எந்தப் பக்கமாகப் போனது என்று டீக்கடையில் கேட்டால் போதும், நாலு பேர் சண்டையே போடுவார்கள்.

வருவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். சித்தப்பாவுக்கு முட்டிவலி, காட்டுக்கு வரமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து கை காட்டுவார்.