600 மைக்ரான் எமல்ஷன்: மேலே கருமை, அடியில் தடமே இல்லை

உங்கள் 600 மைக்ரான் அணுக்கரு எமல்ஷன் தகட்டில் (மின்னேற்றத் துகள்களின் தடத்தைப் பதிவுசெய்ய, வெள்ளி ஹாலைடு கலந்த ஜெலட்டினைக் கண்ணாடிமேல் பூசியது) மேற்பரப்பு கருத்து, அடியில் தடமே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த தகட்டை 5 டிகிரி செல்சியஸில் ஊறவைத்து, பிறகு சூடாக்கி டெவலப் செய்யுங்கள். நேரத்தை மட்டும் கூட்டினால் மேற்பரப்பு இன்னும் கருக்கும், அவ்வளவுதான்.

20 டிகிரியில் அமிடால் என்ற டெவலப்பரில் அரை மணி நேரம் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் டெவலப்பர் கண்ணாடிப் பக்கம் போய்ச் சேருவதற்குள் மேலேயே வேலையை முடித்துவிடுகிறது. ஊடுருவும் நேரம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது: 200 மைக்ரானுக்கு ஆவதைப்போல் 600-க்கு ஒன்பது மடங்கு ஆகும். 1948-இல் டில்வொர்த், ஒக்கியாலினி, பெய்ன் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் இதற்காகவே இருவெப்பநிலை முறையை வெளியிட்டார்கள். குளிரில் அமிடால் ஏறக்குறைய செயலற்றுக் கிடப்பதால், அடிவரை சீராகப் பரவ அவகாசம் கிடைக்கிறது.

1. காய்ச்சி வடித்த நீரில் 5 டிகிரியில் சுமார் 2 மணி நேரம்.
2. அதே குளிரில் அமிடால், இன்னொரு 2 மணி நேரம்.
3. தகட்டை எடுத்து மேலே நிற்கும் திரவத்தை மென்மையாக ஒற்றி எடுங்கள். பலர் விடுவது இதைத்தான். விட்டால் மேற்பரப்பு மறுபடி கருக்கும். பிறகு உலர்நிலையில் (திரவத்தில் அமிழ்த்தாமல்) 22 டிகிரிக்கு மெல்ல உயர்த்தி அரை மணி நேரம். ஜெலட்டின் இப்போது மிக மிருதுவாக இருக்கும், விரல் படக்கூடாது.
4. மெல்லக் குளிர்வித்து, டெவலப் ஆவதை நிறுத்த நீர்த்த அசெட்டிக் அமிலம், பிறகு ஃபிக்ஸ் செய்ய ஹைப்போ.

சரிபார்க்க, முழுத் தடிமனையும் கடக்கும் ஒரு தடத்தில் மேல், நடு, அடி மூன்றிலும் 100 மைக்ரானுக்கு எத்தனை வெள்ளி மணிகள் (கரும்புள்ளிகள்) என்று எண்ணுங்கள். அடியில் குறைந்தால் இரண்டாம் படியை நீட்டுங்கள்.

ஃபிக்ஸ் செய்த பழைய தகட்டை மீட்க முடியாது. டெவலப் ஆகாத வெள்ளி ஹாலைடு கரைந்து போயிருக்கும்.