ஒரே இரவில் வெளுத்துப்போன பாசி

கேள்வி: கடல்நீர் மீன்தொட்டியின் தண்ணீரைச் சுத்தமாக வைக்க, அதற்குக் கீழே தனித் தொட்டி வைத்து காலெர்பா பாசி வளர்க்கிறேன். நன்றாக அடர்ந்திருந்தது. இன்று காலை பாதிக் கொடி நிறமே இல்லாமல் வெளுத்துவிட்டது. தண்ணீர் பச்சையாகக் கலங்கி, மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. இது நோயா? மருந்து ஊற்றலாமா?

பதில்: மருந்து வேண்டவே வேண்டாம். முதலில் மீன்களுக்கு ஆக்ஸிஜன் கிடைக்க வழி செய்யுங்கள். பம்பின் வாயை மேல்மட்டம் நோக்கித் திருப்பி, தண்ணீர் நன்றாக அலையடிக்கும்படி விடுங்கள். ஸ்கிம்மர் (நுரையெழுப்பி அழுக்கைப் பிரிக்கும் கருவி) ஓடட்டும். வெளுத்த கொடிகளை முழுவதுமாக எடுத்துவிட்டு, அதே உப்பளவும் வெப்பமும் உள்ள புதுத் தண்ணீரைக் கால் பங்காவது மாற்றுங்கள். அழுக்கை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனும் புதிதாகப் போடுங்கள்.

இது நோய் இல்லை, இனப்பெருக்கம். காலெர்பாவின் கொடி எவ்வளவு நீண்டாலும் அது ஒரே செல்தான், உள்ளே தடுப்புச் சுவர்கள் கிடையாது. நேரம் வரும்போது உள்ளே இருப்பதெல்லாம் இனச்செல்களாக மாறி, பெரும்பாலும் விடியற்காலையில் தண்ணீரில் கொட்டிவிடும். மிஞ்சுவது வெறும் கூடு. பாசி அதுவரை உறிஞ்சி வைத்திருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் மறுபடி தொட்டிக்கே வந்துவிடுகின்றன.

விளக்கை 24 மணி நேரமும் எரியவிட்டால் இது நடக்காது என்று பலர் சொல்வார்கள். நான் அதை நம்பி இருக்க மாட்டேன். பாசி வளர்ப்பதில் பாதி வேலை அறுவடை. வெட்டி வெளியே எடுத்தால்தான் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டுப் போகும். கொத்து சிறிதாக இருந்தால், நாளைக்கே வெளுத்தாலும் சேதம் சிறிது.

காலெர்பாவுக்குப் பதிலாக உங்களுக்கு நான் சொல்வது கீட்டோமார்ஃபா என்ற பாசி. பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி சிக்கலாக வளரும், தொட்டியில் இப்படிக் கொட்டித் தீர்ப்பது மிக அபூர்வம். தண்ணீர் ஓட்டத்தில் மெல்லப் புரண்டுகொண்டே இருந்தால் எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும். மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு இதன் விளக்கு எரியட்டும். இரவில் சேரும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்வதால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) அவ்வளவாக இறங்காது.

கேள்வி: என் கீட்டோமார்ஃபா வெளிறி, தொட்டால் உதிர்கிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சோதனையில் பூஜ்யம். தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருந்தும் ஏன்?

பதில்: சுத்தமாக இருப்பதால்தான். பாசி பட்டினி கிடக்கிறது. மீன்களுக்கு இரை கொஞ்சம் கூட்டுங்கள், ஸ்கிம்மரின் வேகத்தைக் குறையுங்கள். உதிர்ந்த துண்டுகள் பம்பை அடைக்கும், வடிகட்டி எடுத்துவிடுங்கள்.

இருவருக்கும் ஒரு விண்ணப்பம். வெட்டிய பாசியைக் கடலிலோ கழிமுகத்திலோ சாக்கடையிலோ போடாதீர்கள். தொட்டிகளில் வளர்ந்த காலெர்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோ கரையோரம் கண்டறியப்பட்டு, மத்தியதரைக் கடலில் வெகுதூரம் பரவிவிட்டது. 2000-இல் கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியில் தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது. சின்னத் துண்டு போதும், அது மறுபடி முளைக்கும். உறைபெட்டியில் வைத்தோ வெயிலில் நன்றாகக் காயவைத்தோ குப்பையில் போடுங்கள்.